தென்னூர் கொன்றைகளும் பத்து கறுப்புக் கவர்களும்

சவரிமுத்து அண்ணன் இன்று காலையில் போய்விட்டார்... ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் மரக்கன்று நர்சரி வைத்திருந்தவர். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

மாலை போட்டுவிட்டு வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. உட்கார முடியவில்லை. காபி போட்டேன், குடிக்காமலே சிங்க்கில் கொட்டினேன்.

நம்ம ஊர் மரங்கள்தான் விற்பார். கொன்றை, மந்தாரை, புன்னை, பூமருது... பூவும் வேணும், பார்த்துக்க ஆளில்லாவிட்டாலும் பிழைக்கணும் என்பார்.

போனதும் என்ன மரம் வேணும் என்று கேட்க மாட்டார். எந்த ஊருக்கு, ரோட்டோரமா, பக்கத்தில் சுவர் இருக்கா... பொண்ணு கொடுக்கிற வீட்டை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார்.

ஒருநாள் நான் நிற்கும்போதே கொடைக்கானல்காரர் ஒருத்தர் காரில் வந்து கொன்றை கேட்டார். "வேண்டாங்க. இது வெயில் திங்கிற மரம். அங்க வந்தா குளிர்லயே செத்துப்போகும்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்.

அடுத்து வந்த நாகப்பட்டினம் ஆளுக்குப் புன்னை. "உப்புக்காத்து இதை ஒண்ணும் பண்ணாது, தைரியமா வைங்க."

தென்னூரில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலுக்கு அவரே பொறுக்கிக் கொடுத்தது பத்து சரக்கொன்றை. நான்தான் அசோசியேஷன் செக்ரட்டரி. "தார் ரோட்டுச் சூட்டுக்குப் பழகட்டும்னு ஆறு மாசமா நிழலே காட்டலை மேடம்" என்றார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கன்று நட்டதும் அது இருந்த கறுப்பு பிளாஸ்டிக் கவரைத் திருப்பித் தரணும். பத்து கன்றென்றால் பத்து கவர்.

கஞ்சன் என்று நினைத்தேன்... ஆமாம், வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

நட்ட அன்று எனக்கு ஆயிரம் வேலை, கூலி ஆட்களிடம் விட்டுவிட்டேன். மறுநாள் சாயந்திரத்துக்குள் மூன்று தடவை போன். "மேடம், கவர் வந்துடுங்களா?"

எரிச்சல் தாங்கவில்லை. மொட்டை மாடியில் என் ரோஜாச் செடிகள் வந்த, அதே மாதிரி பழைய கறுப்புக் கவர்கள் கிடந்தன. பத்து எண்ணி வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினேன்.

"பத்தும் வந்துருச்சு மேடம். இனி கவலை இல்லை" என்று நாலாவது போன்.

அந்தக் கோடையில் கன்றுகள் ஒன்று விடாமல் பட்டுப்போயின. நான் சும்மா இருப்பேனா? இதே முகநூலில் கிழி கிழி என்று கிழித்தேன். ஏமாற்றுக்காரர் என்றுகூட எழுதினேன். நூறு பேருக்கு மேல் லைக் போட்டீர்கள்.

அவர் மொபெட்டில் வந்தார், குனிந்து ஒவ்வொரு தண்டையும் நகத்தால் கீறிப் பார்த்தார்.

"கவரெல்லாம் வந்துருச்சே மேடம்... அப்புறம் எப்படி? ஒண்ணே ஒண்ணைத் தோண்டிப் பாத்துரட்டுமா?"

"இப்பதாங்க சுத்தி டைல்ஸ் போட்டிருக்கோம். அதெல்லாம் முடியாது" என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் தண்ணீர் பைப் மாற்ற அதே டைல்ஸை உடைத்தார்கள். காய்ந்த கொன்றை ஒன்று வேரோடு வந்தது... கறுப்புக் கவரோடு. கிழிக்காமல் அப்படியே நட்டிருக்கிறார்கள்!

மீதியையும் தோண்டச் சொன்னேன். எல்லாமே அப்படித்தான்.

கவரை எதற்குக் கேட்டார் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. கவர் கைக்கு வந்தால்தான் கன்றைக் கவரோடு புதைக்கவில்லை, வேர் ஓடும் என்று அவருக்கு நிச்சயம். அந்தப் பழைய பதிவை அழித்தேன். அவருக்கு மட்டும் போன் செய்யவில்லை... இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் ஓட்டினேன். மானம் போய்விடுமாம் எனக்கு!

இன்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தென்னூர் கொன்னை ஏன் பட்டுச்சுன்னே தெரியலைன்னு சொல்லிக்கிட்டே இருப்பாருங்க. விதையிலதான் கோளாறுன்னு அந்தத் தாய் மரத்துல விதை எடுக்குறதையே விட்டுட்டாரு."

சொல்லியிருக்கணும். அவர் படுத்திருந்த பெட்டி பக்கத்திலேயே இருந்தது, சொல்லியிருக்கணும். எழுந்து வந்துவிட்டேன்.

வந்ததிலிருந்து அந்த அக்கா நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இதைப் போஸ்ட் பண்ணிவிட்டு நேரில் போகிறேன். அடக்கத்துக்கு முன்னால் சொல்லியாகணும்.

அன்றைக்கு லைக் போட்டவர்கள் தயவுசெய்து இதையும் படியுங்கள். தப்பு முழுக்க என்னுடையது.

சவரிமுத்து அண்ணே... உங்க விதையில ஒரு கோளாறும் இல்லைங்க.