கழற்றாத சட்டை

சனிக்கிழமை காலை துறைமுக அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. எடுத்துக் கேட்ட மாரிமுத்து என் பக்கம் திரும்பி, "கனகரட்ணம் அண்ணே போயிட்டாருலா" என்றார். கனகரட்ணம் எங்களோடு துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவர். அவர் எதனால் செத்தார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவரோடு பழகியவர்களே, 'நுரையீரல்' என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது பொய். அவர் மனைவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன்: அவருக்கு வந்தது மார்பகப் புற்றுநோய்.

போன வருடம் அவர் கோயிலுக்குள் வருவதை நிறுத்தினார். யாழ்ப்பாணத்தார் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. இருபது வருடம் வெற்று மார்போடு தேவாரம் பாடியவர், சட்டையோடு வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். நிர்வாகத்தோடு சண்டை என்று கதை கட்டினோம். நானும்தான் கட்டினேன்.

ஒருநாள் கிடங்குக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டுச் சட்டையைத் திறந்து காட்டினார். காம்பு உள்ளே இழுத்திருந்தது. பக்கத்தில் ஒரு கட்டி, பனியனில் கறை. "தம்பி, பொம்பிளையளுக்கு வாற வருத்தம் எனக்கு வந்திட்டுது போல. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, என்ன?"

வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சு முழுக்கப் பெண்கள். தாதி வந்து, "அண்ணே, இது பொம்பளைங்க கிளினிக்லா. ஒய்ஃப் எங்க?" என்றாள். எல்லாத் தலையும் திரும்பியது. "வெளியில நிக்கிறா, கூட்டிக்கொண்டு வாறன்" என்று எழுந்தவர், படியிறங்கிப் போய்விட்டார். ஓடிப்போய்ப் பிடித்தேன். 'உள்ளே வாங்க அண்ணே' என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அத்தனை கண்களுக்கு முன்னால் மறுபடி உட்கார எனக்கும் பயம். தேநீர் குடித்துவிட்டு இருவரும் வேலைக்குத் திரும்பினோம்.

ஏழு மாதம் கழித்து, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் மறுபடி போனார். "ஆம்பளைங்களுக்கு அபூர்வமா வரும். வராதுன்னு நினைச்சே முத்த விட்டுடுறாங்க. அப்பவே வந்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். ஐயோ, அந்த 'அப்பவே'யில் நானும் கூட இருந்தேனே!

கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கேன்சரால இல்லை தம்பி, வெட்கத்தால சாகிறன். நான் போனபிறகு எல்லாருக்கும் சொல்லும்."

சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் குளிக்கும்போது என் கை தானாக மார்புக்குப் போகிறது. விரலில் எது தட்டுப்பட்டாலும் அதே இடத்தை மறுபடி மறுபடி தடவிப் பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்தப் பயம்தான். ஆண்களே, உங்களுக்கும் கொஞ்சம் தருகிறேன், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.