மூலம்தான் என்று அடித்துச் சொன்ன மேதாவி

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் என் கணவருக்கு மலத்தோடு ரத்தம் போனது. ஊருக்கே வைத்தியம் சொல்லும் அவருடைய அண்ணன், "தறியிலயே குந்திக்கினு இருக்கறல்ல, சூடுடா! மூலம்தான்" என்று ஏதோ ஒரு பொடியைக் கொடுத்தார். ரத்தம் நிற்கவில்லை. நான் பிடிவாதமாகக் கணவரைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். கேமரா விட்டுக் குடலைப் பார்த்தார்கள்.

"மடிப்புல தட்டையா ஒரு சதை வளர்ச்சிம்மா. நானே கவனிக்கலை. கூடவே படத்தைப் பார்த்துக்கிட்டிருந்த ஏஐதான் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டுச்சு. எடுத்துட்டோம். விட்டிருந்தா புற்றுநோயா மாறியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

பார்க்க வந்த அண்ணனோ, "மிஷினுக்கு இன்னா தெரியும்? என் பொடியாலதான் அது சின்னதா இருந்துச்சு" என்றார், வெட்கமே இல்லாமல்.

இப்போதெல்லாம் உடம்புக்கு ஒன்றென்றால் நேரே டாக்டரிடம்தான். அண்ணன் வைத்தியம் பேச வாயைத் திறந்தால், நான் மிக்ஸியைப் போட்டுவிடுகிறேன்.