கடைசி அம்புக்குப் பதில் இல்லை

ஸ்டெல்லா போயிட்டா.

நேத்து சாயங்காலம், தாம்பரத்துல ஆஸ்பத்திரியில. அவ பொண்ணு போன் பண்ணினா. "சரிம்மா"ன்னு வெச்சுட்டேன்...

எழுபதுகள்ல கிண்டி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல நாங்க ரெண்டு பேரும் ஆபரேட்டர். மெஷின் பக்கத்துல நான், அடுத்த பில்டிங் டெர்மினல்ல அவ. நடுவுல ஒரு டெலிபோன் லைன்.

அந்த லைன்ல மெஷினும் டெர்மினலும் எப்படிப் பேசிக்குதுன்னு மேனுவல்ல நாப்பது பக்கம். யாருக்கும் மண்டையில ஏறல.

ஸ்டெல்லா, ஓட்டை போட்டு மெஷினுக்குக் கொடுக்கற பஞ்ச் கார்டு ஒண்ணைத் திருப்பி ரெண்டு நேர்கோடு போட்டா. இது நீ, இது நான். இங்கிருந்து ஒரு அம்பு, "அனுப்பிட்டேன்". அங்கிருந்து ஒரு அம்பு, "வந்துடுச்சு". பதில் அம்பு வரலைன்னா மறுபடி அனுப்பு. அவ்ளோதான். மேனேஜரே அந்தக் கார்டை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில வெச்சுக்கிட்டார்.

ஆனா அந்தப் படம் அவ தலைக்கேறிடுச்சு! ஒரு தடவை, சனிக்கிழமை மாடம்பாக்கம் கோயிலைப் பார்க்கப் போலாமான்னு ப்யூன்கிட்ட சீட்டு கொடுத்தனுப்பினேன். "சரி, பத்து மணி, தாம்பரம் ஸ்டேஷன்"னு பதில் சீட்டு வந்தது.

பன்னெண்டு வரைக்கும் நின்னேன். மகராணி வரவேயில்ல.

திங்கக்கிழமை பிடிச்சு உலுக்கினா, "என் சீட்டு கிடைச்சுதுன்னு நீ சொல்லவேயில்லியே? நீ வருவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு நான் ஒரு சீட்டு அனுப்பினா, அது கிடைச்சுதுன்னு நீ ஒண்ணு அனுப்பணும். இதுக்கு முடிவு எங்கடி?"

உடனே கார்டை எடுத்து அம்பு அம்பா போட்டுப் பார்த்தா. கார்டுல இடமே தீர்ந்துபோச்சு. எங்க நிறுத்தினாலும் கடைசி அம்புக்குப் பதில் இல்ல.

"கடைசியா அனுப்பறவ சும்மா நம்பிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்டி"ன்னு சிரிச்சா. எனக்கு அப்போ கோவம்தான் வந்தது.

வியாழக்கிழமை வாட்ஸ்அப்ல கேட்டிருந்தா. "ஞாயித்துக்கிழமை வர்றியா?"

நான் கேளம்பாக்கத்துல பையன் வீட்ல. போன் எப்பவும் பேரன் கையில. நேத்து மத்தியானம்தான் பார்த்தேன்... பார்த்ததும் "வரேன்டி"ன்னு போட்டேன்.

ரெண்டு டிக் விழுந்தது. நீலம் ஆகல.

அவ பொண்ணைக் கேட்டேன். "போன் அம்மா தலைமாட்டுலதான் இருந்துது ஆன்ட்டி. பார்த்தாங்களான்னு தெரியல"ங்கறா. பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

நான் யாரைப் போய்க் கேக்கறது?

இன்னிக்கு ஞாயிறு. நாலு மணிக்கு அடக்கம், மேற்கு தாம்பரத்துல. பையன் காரை எடுக்கறான்.

வரேன்டி ஸ்டெல்லா.