நெட்டையும் கடுகும் பட்டணம் போய்வந்தது

தறி ஷெட்டுக்குள் ஒருத்தி குரல் இன்னொருத்திக்குக் கேட்காது. நாற்பது தறிகள் ஒரே கூரைக்குக் கீழே தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் வெறும் காற்றுதான் வரும். அதனால் அங்கே வேலை செய்கிற பெண்கள் உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிர்வரிசையில் நிற்பவள் அதைப் பார்த்தே புரிந்துகொள்வாள். மாமியார் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், மேஸ்திரியின் புதுச் செருப்பு, எல்லாம் சத்தமே இல்லாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்வரும்.

பேர் சொல்லிக் கூப்பிடுவதும் அங்கே கிடையாது. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் நெட்டை. இரண்டு விரலைச் சேர்த்துக் கிள்ளிக் காட்டினால் கடுகு. இருபத்திரண்டு வருடமாக நெட்டையும் கடுகும், ஆளுக்கு நாலு தறியாக, எதிரெதிர்த் தறிகளில் நின்றார்கள். கட்டிய புருஷன் முகத்தைப் பார்த்ததைவிட நெட்டை கடுகின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்தப் புருஷன் நெஞ்சில் சளி கட்டி நாலு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறான். மகன் கல்யாணம் ஆனதும் மாமியார் வீட்டோடு போய்விட்டான். நெட்டையின் சம்பளம் ஒன்றுதான் அந்த வீட்டில் அடுப்பை எரித்தது. கடுகுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டின் பின்னறையில் இருந்தாள். மாதம் பிறந்ததும் சம்பளக் கவரைப் பிரிக்காமல் தம்பி பெண்டாட்டி கையில் வைப்பாள். அந்தக் கவர் வருகிற வரைக்கும் அவள் அந்த வீட்டில் 'அண்ணி'. அது நின்றால் என்ன ஆவாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மேஸ்திரி நெட்டையை ஷெட்டுக்கு வெளியே கூப்பிட்டார்.

"புதுத் தறி வருது. எதிரெதிர் வரிசை ரெண்டுக்கும் சேர்த்து ஒரு ஆள் போதும்னு மேலே சொல்லிட்டாங்க. உங்க ரெண்டு பேர்ல யாரை வேலையை விட்டு நிறுத்தலாம், நீயே சொல்லு."

"என்னைக் கேட்டா எப்படிங்க?"

"சொல்லலைன்னா ரெண்டு பேர் பேரையும் எழுதிட்டுப் போயிடுவேன். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்லை."

அவள் கல்மனசுக்காரி இல்லை. இதை யார் வந்து இல்லையென்று சாதித்தாலும் சரி, கல்மனசுக்காரி இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கட்டிலில் இருமுகிறவன்தான் கண்ணுக்கு முன்னால் வந்தான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவளுக்குக் கிட்டத்துல பார்வை மங்கிடுச்சுங்க. இழை அறுந்தா தடவித்தான் கண்டுபிடிக்கிறா."

இது ஒருத்தருக்கும் தெரியாத விஷயம். ஆறு மாதத்துக்கு முன்னால் தறிக்கு மேலே எட்டிப் பார்த்து, கடுகு உதட்டசைவில் நெட்டைக்கு மட்டும் சொன்னது. எட்டத்தில் நன்றாகத் தெரிகிறது, கைக்குப் பக்கத்தில்தான் புகையாக இருக்கிறது, யார்கிட்டயும் மூச்சுவிடாதே என்றாள்.

"அப்ப சரி" என்றார் மேஸ்திரி. "அடுத்த திங்கக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிடறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

செவ்வாய்க்கிழமை நெட்டை போய்ப் பட்டணத்துக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்தாள். இருப்பதிலேயே மலிவான பஸ், கடைசிக்கு முந்தின சீட். பட்டணம் பார்க்க வேண்டும் என்பது கடுகின் ரொம்ப நாள் ஆசை. ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது, இதைச் செய்தாள். மேஸ்திரி வாயால் தெரிவதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும், மூன்று நாள் இருக்கிறது, எங்காவது ஓரிடத்தில் சொல்லிவிடலாம் என்பது அவள் கணக்கு.

டிக்கெட்டைப் பார்த்த கடுகு, "உனக்கென்னடி பேய் பிடிச்சிருக்கா? புருஷனை யார் பார்ப்பா?" என்று கேட்டாள்.

"அக்காவை வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு நாள் லீவு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு. போயிட்டு வந்துடலாம்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் கிளம்பியது. பதினோரு மணி நேரப் பயணம். ஜன்னலோரம் நெட்டை, பக்கத்தில் கடுகு. நெட்டையின் முழங்கால் முன்சீட்டில் முட்டியது. கடுகின் கால் தரையைத் தொடவில்லை.

"முழங்காலைக் கழட்டி மேலே பையோட வைடி. இறங்கறப்ப மறக்காம எடுத்து மாட்டிக்கலாம்."

"உன்னையே தூக்கி மேலே வெச்சிடலாம். டிக்கெட் மிச்சம்."

கடுகு சிரித்தாள். அவித்த முட்டையை உரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். ரொட்டியைப் பிட்டாள். போகிற வழியில் தெரிந்த ஆறு, பாலம், செங்கல் சூளை எல்லாவற்றையும் காட்டிக் காட்டிப் பேசினாள். எதிரெதிரே நின்று பழகியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது பேச்சு சரியாக வரவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. நெட்டை இரண்டு தரம் கழுத்தைத் திருப்பினாள். இரண்டு தரமும் கடுகு முட்டை ஒட்டிய உதட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நெட்டை மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் தங்கிய விடுதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மூன்றாவது மாடியில், இரண்டு கட்டில் போட்டபின் கால் வைக்கக்கூட யோசிக்க வேண்டிய அறை. கடுகு ஆசையாக ஜன்னலைத் திறந்தாள். ஒரு முழ தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

"நல்லா பாத்துக்கடி. பட்டணத்துச் சுவர். நம்ம ஊர்ல இந்த மாதிரி அழுக்கு கிடைக்காது."

தறி ஷெட்டுக்காரிகளுக்கு ஒன்று உதட்டசைவு தெரியும், இல்லை கத்தத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் பேசத் தெரியாது. சற்று நேரத்தில் விடுதிக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"அம்மா, சண்டை போடறதா இருந்தா வெளியே போய்ப் போடுங்க. பக்கத்து ரூம்ல ஆள் இருக்காங்க."

"சண்டை இல்லீங்க, சோப்பு எங்கேன்னு கேட்டேன்" என்றாள் கடுகு.

அவர் போனதும் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்த கையோடு நெட்டை, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"கோபப்படக் கூடாது."

"குறட்டை விடுவேன்னு சொல்லப் போறே. உன் புருஷனே சொல்லியிருக்காரு. விட்டுக்கோ, எனக்குத்தான் காது செத்துப்போச்சே." கடுகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நெட்டை விளக்கை அணைத்தாள்.

மறுநாள் முழுக்க நடந்தார்கள். காசு கொடுத்துப் பார்க்கிற இடம் எதற்கும் போகவில்லை. உயரமான கட்டடங்களை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்து மீதி ரொட்டியைத் தின்றார்கள். கடுகுக்கு ஒரே ஒரு இடம்தான் பார்க்க வேண்டியிருந்தது, ஏதாவது ஒரு பெரிய துணிக்கடை. "நாம நெய்யறதெல்லாம் வண்டி ஏறிப் போகுதே, எங்கேதான் போய்ச் சேருதுன்னு பார்க்கணும்டி."

மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவதில் படுக்கை விரிப்பு அடுக்கியிருந்த மேஜைக்கு முன்னால் கடுகு நின்றாள். கண்ணால் ஒன்றையும் பார்க்கவில்லை. கையை மட்டும் அடுக்குக்குள் விட்டு ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். நடுவில் கை நின்றுவிட்டது. ஒரு விரிப்பை உருவி எடுத்தாள்.

"இங்கே பார்த்துச் சொல்லு. கரையோரம் ரெட்டை இழை ஓடுதா?"

நெட்டை குனிந்து பார்த்தாள். ஓடியது. முடி அளவுக்கு, நெய்தவளுக்கு மட்டும் தெரிகிற தடிப்பு. கடுகின் மூன்றாவது தறி அடிக்கிற கோளாறு அது. எத்தனை தரம் சரிசெய்தாலும் போகாது.

"இது நான் நெய்ததும்மா" என்றாள் கடுகு விற்கிற பெண்ணிடம்.

அந்தப் பெண் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "எடுக்கறீங்களா? இல்லைன்னா மடிச்சு வெச்சிடுங்க. கலைச்சா எனக்குத் திட்டு விழும்."

கடுகு முனையோடு முனை சேர்த்து, கடைக்காரியைவிட நேர்த்தியாக மடித்து வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வெளியே வந்து தெருவில் நடக்கும்போது, "கண்ணு போனாலும் கை இருக்குடி எனக்கு. இன்னும் பத்து வருஷம் ஓட்டிடுவேன்" என்றாள். நெட்டைக்கு நடு ரோட்டில் உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. "கால் வலிக்குதா?" என்று கேட்டு கடுகு அவள் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்புகிற பஸ். அதே மாதிரி ஜன்னலோரம் நெட்டை. கடுகு சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். இன்னும் அரை நாள்தான். எப்படி ஆரம்பிப்பது என்று நெட்டை ஒத்திகை பார்த்தாள். பார்க்கும்போது, பழக்கதோஷம், உதடு தானாக அசைந்தது. சத்தம் இல்லை. சத்தம் வராத பேச்சு அவளுக்கு மனசுக்குள் நினைப்பது போலத்தான். தறி ஷெட்டில் எதிரே ஆள் இல்லாவிட்டால் அது யாருக்கும் போய்ச் சேராது. அதே நம்பிக்கையில் கண்ணாடியைப் பார்த்தபடி உதட்டை அசைத்தாள்.

*மேஸ்திரி கேட்டார். நான் உன் பேரைச் சொல்லிட்டேன். உன் கண்ணைப் பத்திச் சொல்லிட்டேன். நாளைக்கு உன்னை நிறுத்தப் போறாங்க.*

நன்றாக இல்லை என்று திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். *மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்...*

எப்போது பஸ் மலைக்குள் குடைந்த சுரங்கப் பாதையில் நுழைந்தது என்று அவள் கவனிக்கவில்லை. வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. ஜன்னல் முழுக்க அவள் முகம் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு முகம் இருந்தது. கடுகு கண்ணைத் திறந்துகொண்டு கண்ணாடியில் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெட்டையின் உதடு பாதியில் நின்றது. சுரங்கம் முடிந்து வெயில் அடித்தது. கண்ணாடியில் ஒன்றும் இல்லை, வயல்தான் இருந்தது.

கடுகு மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். ஒரு மணி நேரம் கழித்துப் பஸ் ஒரு டீக்கடை முன்னால் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். அவர்களும் இறங்கி, கடைக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார்கள்.

"எப்ப சொன்னே?" என்று கேட்டாள் கடுகு.

"போன திங்கக்கிழமை."

"செவ்வாய்க்கிழமை டிக்கெட் எடுத்தே."

"ஆமா."

"ஓ." கடுகு தலையை ஆட்டினாள். "நான்கூட, இத்தனை வருஷத்துல உனக்கு என் மேல பாசம் பொங்கிடுச்சாக்கும்னு நினைச்சேன்."

"அப்படிப் பேசாதேடி. அந்த ஆளு ரெண்டு பேரையும் எழுதிடுவேன்னான். வீட்டுல அவர் கிடக்கறாரு. உனக்காவது தம்பி இருக்கான்னு..."

"தம்பி இருக்கான். தம்பிக்குப் பொண்டாட்டி இருக்கா. பின்னறையை வாடகைக்கு விடலாம்னு ரெண்டு வருஷமா அளந்துகிட்டிருக்கா." கடுகு குரலை உயர்த்தவே இல்லை. கத்திப் பேசுகிறவள் அன்றைக்குத்தான் முதல்முறையாக எல்லாரையும் போலப் பேசினாள். "அது போகட்டும். என் பேரைச் சொன்னே, சொல்லிட்டுப் போ. கண்ணை ஏண்டி சொன்னே? இனி எந்த ஷெட்டுல போய் நிப்பேன்? ஒரு மேஸ்திரிக்குத் தெரிஞ்சா ஊர்ல இருக்கற அத்தனை மேஸ்திரிக்கும் தெரியும்."

நெட்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில முதல் வேலையா போறேன். தப்பா சொல்லிட்டேன், அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, என் பேரை எழுதிக்குங்கன்னு சொல்றேன். சத்தியமா."

கடுகு அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். எதிர்த் தறியில் நின்று பார்க்கிற மாதிரி, ரொம்ப நேரம்.

"சொல்லுவியா?"

சொல்லுவேன் என்று உடனே வந்திருக்க வேண்டும். நெட்டை வாயைத் திறந்தாள். புருஷனின் இருமல், தலைமாட்டில் மருந்து பாட்டில், மகன் எடுக்காத போன், எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"சரி, ஏறு" என்றாள் கடுகு. "பஸ் போயிடும்."

பஸ்ஸில் காலியாக வேறு சீட் இல்லை. மீதி ஆறு மணி நேரமும் தோளோடு தோள் இடித்தபடிதான் உட்கார்ந்து வந்தார்கள்.

திங்கட்கிழமை நெட்டை மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய்விட்டாள். மேஸ்திரியின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தன.

"என்ன?" என்றார் அவர்.

"ரெண்டு நாள் லீவு போட்டிருந்தேங்க. அதுக்குக் கையெழுத்து வாங்கணும்."

அவர் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் வாங்கி நாலாக மடித்துக்கொண்டு தறிக்குப் போனாள்.

பத்து மணிக்கு மேஸ்திரி வந்து கடுகின் தோளைத் தொட்டு வெளியே வரச் சொன்னார். கடுகு கையைத் துடைத்துக்கொண்டு போனாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவள் தறிகள் நாலும் ஓடிக்கொண்டே இருந்தன. ஆள் இல்லாமல் விட்டால் இழை அறுந்து துணி வீணாகும். நெட்டை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் போய் நின்று, அதையும் சேர்த்துக் கவனிக்க ஆரம்பித்தாள்.