பங்களா கேட் இறங்கு!

பெருமாள் கண்டக்டர் வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பது ஏற்காடு மலை முழுக்கத் தெரிந்த சங்கதி. சேலம்–நாகலூர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே ஆயுசில் பாதியைக் கழித்தவர். கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய்ந்தாலும் கம்பியைப் பிடிக்கமாட்டார். அந்த நிலையிலும் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார். அப்பேர்ப்பட்ட வாய், போன தை மாதம் வந்த பக்கவாதத்தில் அடைத்துப்போனது. கைகால் தப்பியது, பேச்சு போய்விட்டது.

மனைவி பாப்பாத்திக்கு ஒரே ஏக்கம்தான். மனுஷன் தன்னை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க மோனிஷா என்ற பெண் சேலத்திலிருந்து வந்துபோனாள். ஒருநாள் பிளாஸ்டிக் மூளை ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பகுதி பகுதியாகக் கழற்றினாள். பாப்பாத்திக்கு முட்டைக்கோசு ஞாபகம்தான் வந்தது.

"இது முகுளமுங்க. மூச்சு, இதயத்துடிப்பெல்லாம் இதுதான் பாத்துக்குது. பின்னாடி இருக்கறது சிறுமூளை. தள்ளாடாம நிக்க வெக்கறது. ரெண்டும் அவருக்கு நல்லாருக்குது. மேல இருக்கற பெருமூளையில எடது பக்கந்தான் பேச்சு. ரத்தக்குழாய் அடச்சது அங்கதானுங்க."

"அப்ப அவ்வளவுதானா, கண்ணு?"

"நொம்ப வருசமா வாயில தானா வந்த வார்த்தைக வேற எடத்துல தங்கியிருக்குமுங்கம்மா. வலது பக்கம், இன்னும் உள்ளார. உங்கள என்ன பேரு சொல்லிக் கூப்புடுவாரு?"

பாப்பாத்திக்கு வெட்கமாகிவிட்டது. "பேரா? ஒரு நாளும் சொன்னதில்ல கண்ணு. 'இந்தா'ம்பாரு. இப்ப அதுவும் வல்ல." கட்டிய பெண்டாட்டியின் பேரைச் சொன்னால் மலை இடிந்துவிடுமா என்ன! மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டிக்கொண்டாள்.

மோனிஷா விடவில்லை. அவர் பஸ் நிற்கும் இடங்களில் முதலாவதை, "அஸ்தம்பட்டி..." என்று எடுத்துக்கொடுத்தாள். பெருமாளின் கண் பளிச்சென்றது, வாய் திறந்தது.

"கோரிமேடு... அடிவாரம்... ஏற்காடு..."

அதே பழைய ராகம். மாதக்கணக்கில் கேட்காத குரல். பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பங்களா கேட்!" என்றவர் அதோடு நின்றுவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தி பாப்பாத்திக்கு எஸ்டேட் நாற்றுப் பண்ணையில் வேலை. ஏற்காடு கடைத்தெருவில் பஸ் ஏறுவாள். பங்களா கேட்டில் இறங்குகிறவள் அவள் ஒருத்திதான். ஒருத்திக்காக ஊருக்கே கேட்கும்படி கத்துவார் பெருமாள். பஸ்ஸே சிரிக்கும், அவளுக்கு மானம் போகும். ஆனாலும் மறுநாள் அதே பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்பாள். எவ்வளவு நல்ல காலம் அது!

"அடுத்தது நாகலூருங்க," என்றாள் பாப்பாத்தி.

அவர் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். அவளையே பார்த்துக்கொண்டு, இன்னும் சத்தமாக, "பங்களா கேட்!"

"அங்கியே சிக்கிக்கிட்டாருங்கம்மா," என்றாள் மோனிஷா.

பாப்பாத்தி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். எழுந்துபோய் அவர் முன்னால் நின்றாள்.

"எறங்கறனுங்க. ஒருத்திக்கு எதுக்கு இந்தக் கத்து?" என்றாள், அந்தக் காலத்துக் கோபத்தோடு.

பெருமாள் ஒரு பக்க வாயால் சிரித்தார். நாகலூர் வரைக்கும் அன்று அவர் போகவே இல்லை.