தெய்வானையின் சனி, ஞாயிறு

தெய்வானைக்குக் கோபம் வந்தால் சட்டி பானை உருளாது. வாய் மட்டும்தான் ஓடும். தைப்பிங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்கு அவள் வாக்கப்பட்டு வந்த நாள்முதல் எதிர்வீட்டுக்காரி நான் அந்த வாயைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அவள் பக்கம் நியாயம் இருந்தது.

அவள் கணவர் தணிகாசலம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. அவருடைய அண்ணன் குணசீலன் இருப்பதோ பட்டர்வொர்த்தில். நடுவில் ஒரே ஓர் ஆறு, ஆனால் அது பினாங்கு மாநிலம். அங்கே சனி, ஞாயிறுதான் விடுமுறை. தெய்வானை பிறந்த தைப்பிங்கிலும் அப்படித்தான். குணசீலன் போடுகிற குடும்பப் பயணம் எல்லாமே கேமரன் மலை, கெந்திங் என்று தூரமாகவும் சனி, ஞாயிறாகவும் இருக்கும். தணிகாசலம் பெண்டாட்டி பிள்ளைகளை அண்ணன் காரில் ஏற்றிவிட்டு, கையாட்டிவிட்டு, ஞாயிறு விடியுமுன் வேனை எடுப்பார். ஒருமுறைகூட அவர் போனதில்லை.

போன வருடம் சின்ன மகள் துளசி கேட்டாள்: “ஏம்மா, அப்பாவுக்கு ஊர் சுத்தப் பிடிக்காதா?” தெய்வானை எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றுகொண்டே அழுதாள். நானும் கூட அழுதேன், பொய் சொல்வானேன்.

அழுது முடித்ததும் போனை எடுத்துக் குணசீலனைக் கூப்பிட்டாள்.

“மாமா, இந்தத் தடவ பயணத்த நான் போடுறேன். கெடாவ விட்டு வெளிய கெடையாது.”

“கெடாவுல என்னாம்மா இருக்கு? நெல்லு பாக்கப் போவமா?”

“பந்தாய் மெர்டேக்கா கடற்கரை இருக்கு. வெள்ளிக்கெழம வேல முடிஞ்சி நேரா வந்துருங்க. சனிக்கெழம சாயந்தரம் வரைக்கும் எல்லாரும் ஒண்ணா இருப்போம். அவரும் இருப்பாரு.”

“அந்தக் கடலு தே தாரிக் டீ கலர்ல இருக்கும் லா.”

“குடிக்கவா போறீங்க? குளிக்கத்தான?”

குணசீலன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். வென்ற வேகத்தில் தெய்வானை, கடற்கரை விடுதி நடத்தும் மலாய் அம்மா ரொகாயா மாக்சிக்குக்குப் பேசி, மூன்று அறையும் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மிளகாய் காம்பு கிள்ளுகிற மும்முரத்தில் அவள் சொன்ன கிழமை எனக்கும் காதில் ஏறவில்லை.

வியாழக்கிழமை மாக்சிக் கூப்பிட்டார். “சனி ராத்திரிதான? ஞாயித்துக்கெழம கெளம்புறீங்கதான?”

தெய்வானையின் முகம் சுண்டிப்போனது. பிறந்த ஊர்ப் பழக்கத்தில் நாக்கு ‘சனி, ஞாயிறு’ என்று சொல்லித் தொலைத்திருக்கிறது. இத்தனை வருடம் கெடா சோறு தின்றும் நாக்கு மட்டும் தைப்பிங்கிலேயே இருந்திருக்கிறது. வெள்ளி ராத்திரிக்கு ஓர் அறைகூட இல்லை. ஊரே அன்றைக்குத்தானே கடலுக்குப் போகும்.

குணசீலன் போனில் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. “நான் சொன்னா ஒறைக்காது. பேசாம சனிக்கெழம நாங்க வந்து உங்கள ஏத்திக்கிறோம். தம்பிக்கு வழக்கம்போல வேன் இருக்குல்ல.”

தணிகாசலமும், “விடு தெய்வான, நீங்க போயிட்டு வாங்க,” என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை, பழகிவிட்டது. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

“ஏங்க, பந்தாய் மெர்டேக்காவுலேருந்து நீங்க வேன்ல மொதல்ல ஏத்துற பிள்ள வீடு எவ்ளோ தூரம்?”

“கோலா மூடா ரோட்டுலதான். அரமணி நேரம்.”

“இதுவே கேமரன் மலையா இருந்தா?”

 கடற்கரையிலிருந்தே ஞாயிறு வேலைக்குப் போய் வந்துவிடலாம் என்று எனக்குப் புரிந்துவிட்டது, கைதட்டிவிட்டேன்.

வெள்ளி இரவு குணசீலன் குடும்பம் தெய்வானை வீட்டில் பாய் விரித்துப் படுத்தது. சனி காலை ரைஸ் குக்கர், ஐஸ் பெட்டி, ஒரு சட்டி நெத்திலி சம்பல், கூடவே என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். மத்தியானத்துக்குள் கெடாக்காரர்கள் மூட்டை கட்டிக் கிளம்ப, கடற்கரை முழுவதும் எங்களுக்கே ஆனது. மாக்சிக் சந்தோஷத்தில் ஒரு தட்டு மீன் வறுத்துக் கொடுத்தார். குணசீலன் மட்டும் நண்டு கடித்துவிட்டது என்று அலறினார், பார்த்தால் கிளிஞ்சல்.

ஞாயிறு, இருட்டு விலகுமுன் தணிகாசலம் விடுதியிலிருந்தே வேனை எடுத்துக்கொண்டு போனார். துளசிக்கும் அவள் அண்ணனுக்கும் அன்றைக்குக் ‘காய்ச்சல்’. அந்தப் பாவம் தெய்வானை கணக்கில். மற்றவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அவள் மட்டும் வாசல் படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஏதும் கோளாறு பண்ணினால் அண்ணன் முன்னால் மானம் போய்விடுமே என்று நான் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

காலைச் சாப்பாட்டுக்கான நாசி லெமாக் பொட்டலங்கள் பிரியுமுன் வேன் வந்து நின்றது. தெய்வானை அறைக்கதவைத் தட்டு தட்டென்று தட்டினாள்.

“எந்திரிங்க மாமா! உங்க தம்பி வேலய முடிச்சிட்டே வந்துட்டாரு!”

குணசீலன் கைலியைப் பிடித்தபடி வெளியே வந்தார். வேனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “அடேய், போயிட்டு வந்துட்டியா?”

“மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டாத்தான் மறுபடி வேல, அண்ணே,” என்றார் தணிகாசலம்.

“அப்படின்னா இத்தன வருசமும் பக்கத்துல போட்டிருந்தா நீயும் வந்திருப்பல்ல,” என்றார் குணசீலன். தெய்வானையிடம், “அடுத்ததயும் நீயே போடும்மா,” என்றார்.

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்த வேன் சாவியை அவள் கையில் கொடுத்தார். துளசி அவரை இழுத்துக்கொண்டு ஓடினாள். போட்டிருந்த சட்டையோடும் கால்சட்டையோடும் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்று, “தெய்வான, நீயும் வா!” என்று கடற்கரையே கேட்கும்படி கத்தினார்.

நீச்சல் தெரியாத தெய்வானை, சாவியை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.