இரத்தினசிங்கம் எடுத்த தந்தி

இரத்தினசிங்கத்தைப் போல வேகமாகத் தந்தி எடுக்க அந்தக் காலத்தில் திருகோணமலையில் வேறு ஆள் இல்லை. துறைமுகத்தடித் தபால் கந்தோர் ஒன்றில் அவர் சிக்னலர். கருவி கட்கடக் என்று அடிக்க அடிக்க, அந்த ஓசையை எழுத்தாக்கிப் படிவத்தில் இறக்குவதுதான் வேலை. கப்பல் வரும் நேரம், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிக்காரரின் இலக்கங்கள், பிறப்பு, சாவு, கலியாணம், சோதனையில் கோட்டை விட்ட கதை என்று ஒரு நாளைக்கு இருநூறு வரும். அத்தனையையும் மனதுக்குள் விட்டால் மனிதனுக்குப் பைத்தியம் பிடித்துவிடாதா? வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாரோ ஒரு பிள்ளை செத்த தந்தியை எடுத்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்த ஆள் அவர். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். காதால் வாங்கிக் கையால் இறக்கிவிடுவது, தலைக்குள் எதையும் ஏற விடுவதில்லை. எடுத்து முடித்த கையோடு அதில் என்ன இருந்தது என்று கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு எழுத்தும் பிழையாக இராது.

வசதியான பழக்கம்தான். பாழாய்ப்போன அந்தப் பழக்கம் கந்தோரோடு நின்றதா என்றால், அதுதான் இல்லை. வீட்டில் மனைவி குணேஸ்வரியின் பேச்சும் அதே வழியால் போயிற்று. அரிசி வாங்கி வரச் சொன்னாலும் "ஓம்", தனக்குக் காய்ச்சல் என்றாலும் "ஓம்". மறுநாள் கேட்டால் முழிப்பார். ஆறு வருடம் பொறுத்தாள் அவள். பிள்ளைகுட்டியும் இல்லை. ஒரு நாள் காலையில், வவுனியாவில் அண்ணன் வீட்டுக்குப் போவதாகவும் இனி வரமாட்டேன் என்றும் முகத்துக்கு நேரே சொன்னாள். அதற்கும் ஓம் போட்டார். வேலைவிட்டு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அப்போதும் மனிதர், கோயிலுக்குப் போயிருப்பாள் என்று இருட்டும்வரை படியில் காத்திருந்தார்.

பிறகு இரண்டு வருடம் தனிச் சீவியம். குசினியில் ஒரு கோப்பை, ஒரு பீங்கான். எதிரே அவள் உட்காரும் கதிரை வெறுமையாய்க் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஏலாமல், அதைத் தூக்கி அறைக்குள் போட்டார். தனிமை ஆளை அரித்துவிட்டது. கடைசியில் வெட்கத்தை விட்டு, திரும்பி வரச் சொல்லி ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்தது. மனம் வந்தால் வீட்டு முகவரிக்குத் தந்தியடிப்பாளாம், அவர் பஸ் நிலையத்தில் வந்து நிற்க வேண்டுமாம், நிற்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாளாம். கந்தோரின் பேரைக் கேட்டாலே அவளுக்கு ஆகாது.

அந்தத் தந்தியை அவர் பார்த்திருக்கும்போதே அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயல் வந்தது. கம்பங்கள் சரிந்து சில நாள் தந்தியே இல்லை. கம்பி திருத்தினதுதான் தாமதம், கொட்டத் தொடங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறீர்களா என்று எங்கிருந்தெல்லாமோ குச்சவெளிக்கும் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் கேள்விகள். மற்றவர்கள் முறை மாறி வீட்டுக்குப் போனார்கள். இவர் போகவில்லை. குணேஸ்வரியின் தந்தி வந்தால் அதைத் தானே எடுக்க வேண்டும் என்ற ஆசை. புதன்கிழமையிலிருந்து கந்தோரே கதியென்று கிடந்தார். மேசையில் தலைவைத்துக் கொஞ்சம் கண்ணயர்வதும் எழும்பி எடுப்பதுமாக மூன்று நாள் போயிற்று. சனிக்கிழமை பின்னேரம் போஸ்ட் மாஸ்டர் சத்தம் போட்டு வீட்டுக்கு விரட்டினார்.

கதவைத் திறந்தார். அடியால் தள்ளிவிட்டிருந்த தந்தி உறை ஒன்று நிலத்தில் கிடந்தது. வீடு வீடாகத் தந்தி கொண்டுபோகும் பழைய சேவகர் அலியார் என்றால் பெயரைப் பார்த்ததும் கந்தோரிலேயே கையில் கொடுத்திருப்பார். இது புயலுக்குப் பிறகு வெளியூரிலிருந்து உதவிக்கு வந்த சேவகனின் வேலை. உறையில் இருந்த முகவரி இரத்தினசிங்கத்தின் கையெழுத்து. பிரித்தார். உள்ளேயும் அதே கையெழுத்து. வெள்ளி காலைப் பஸ்ஸில் வருகிறேன், சுகமாக இருக்கிறீர்களா, வந்து நில்லுங்கள், குணேஸ். கீழே வியாழன் பகல் இரண்டு பத்து என்று நேரமும், எடுத்தவர் என்ற இடத்தில் அவருடைய சுருக்கொப்பமும். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

பஸ் நிலையத்துக்கு ஓடினார். நேரக்காப்பாளர் ஸெய்னுதீனுக்கு நினைவிருந்தது. எதிரே கிடந்த நீள இருக்கையைக் காட்டினார்.

"ஓம் ஐயா, நேற்று ஒரு அம்மா பெட்டியோட இந்த வாங்கில இருந்தவ. ஒரு மணி பஸ்ஸையும் விட்டுட்டா. ஆரும் வரவேணுமோ எண்டு கேட்டனான். 'சொல்லிப்போட்டனான், அவர் கேக்கேல்லை' எண்டவ. மூண்டு மணிக்கு ஏறிப் போயிட்டா."

ஞாயிறு முழுக்கக் கடதாசியும் பேனையுமாக இருந்தார். புயலில் தந்தி தவறிவிட்டது என்று எழுதினால் போதும். அந்த மாதம் தவறிய தந்திகளுக்குக் கணக்கா வழக்கா? அவள் நம்புவாள், கடிதம் கிடைத்த கையோடு புறப்படுவாள். அப்படித்தான் எழுதியும் முடித்தார், உறையிலும் போட்டார். பிறகு எடுத்துக் கிழித்தார். வந்து எதிரே இருக்கப்போகிறவளுக்கு, அவள் சொன்னது வந்து சேரவில்லை என்று வாழ்நாள் முழுக்கச் சாதிக்க அவரால் ஏலாது.

"உன்ர தந்தி வந்தது. எடுத்தது நான்தான். எழுதினனான், ஆனால் கேக்கேல்லை. மன்னிச்சுக்கொள்" என்று எழுதி அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தந்தியையும் சொல் சொல்லாகக் கேட்டுத்தான் எடுத்தார். வேகம் பாதியாயிற்று, நேற்று வந்த பொடியன்களெல்லாம் அவரை முந்தினார்கள். எழுபத்தெட்டில் ஓய்வு பெறும்வரை வவுனியாவிலிருந்து அவருடைய பெயருக்கு ஒன்றும் வரவில்லை. பொய்யை எழுதியிருந்தால் அவள் வந்திருப்பாள். அது அவருக்கும் தெரியும்.